பேசாத கடை

பதினான்காம் வாரம்

"வெள்ளிக்கிழமையிலிருந்து போன் ஆர்டர் கிடையாது. இனி எல்லாம் வெப்சைட்டுதான்" என்று ஹரிஹரசுதன் சோற்றுத் தட்டின் முன்னால் அறிவித்ததும், அவன் அக்கா ஸ்ரீமதி தண்ணீர்ச் சொம்பைத் தரையில் வைத்த வேகத்தில் பக்கத்துத் தறிக்கூடத்து ஆள் எட்டிப் பார்த்ததும் போன வாரத்துச் சங்கதி. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அப்பா சென்னய்யா மோர் கேட்டார். அந்த வீட்டில் எந்த வழக்குக்கும் அவர் கொடுக்கும் தீர்ப்பு அதுதான்.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

ஸ்ரீமதிக்கு முப்பத்தாறு வயது. ஏழாவது படிக்கும்போது வந்த காய்ச்சல் கண் இரண்டையும் கொண்டுபோனது. வாயை மட்டும் விட்டுவைத்தது. அருப்புக்கோட்டை பந்தல்குடி ரோட்டில் சென்னய்யா ஜவுளிக்கடையின் உள்ளறையில் அவளுக்கு ஒரு மர நாற்காலி, ஒரு போன், காதில் ஒரு வயர். திரையில் இருப்பதை அந்தப் போன் வாசித்துச் சொல்லும். பரளச்சியிலிருந்து வரும் ஆர்டரைத் தமிழில் சொல்லும். ஆந்திராவின் ஹிந்துப்பூரிலிருந்து வருவதைத் தெலுங்கில் சொல்லும். கடையின் பாதி வியாபாரம் அந்த நாற்காலியில் நடந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். ஆனால் தெலுங்கு எழுத்து ஒருவருக்கும் தெரியாது. தாத்தா காலத்திலிருந்து படித்ததெல்லாம் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஆந்திரா வியாபாரி அனுப்பும் செய்தி ஹரியின் கண்ணுக்குச் சட்டியில் பிழிந்த முறுக்கு. ஸ்ரீமதிக்கோ போன் வாசித்துவிடும். காதில் விழுந்தால் போதும், வீட்டுப் பேச்சுத்தானே. ஆக, அந்தக் குடும்பத்தில் தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒரே ஆள், கண் தெரியாதவள்.

அந்த நாற்காலிக்குத்தான் இன்று வேட்டு.

காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்ட கையோடு ஹரி ஒருவரை உள்ளறைக்குக் கூட்டி வந்தான். விருதுநகர் பாண்டீஸ்வரன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று இருபது வருடமாக ஃபிளெக்ஸ் போர்டு அடித்தவர். இப்போது வெப்சைட்டும் செய்கிறார்.

"அக்கா, வெப்சைட்டு ரெடி. தமிழு, தெலுங்கு, இங்கிலீசு, மூணு பாஷை" என்றான் ஹரி.

"ஒரு மாசமாக் கேக்குறேன், காட்டு காட்டுன்னு. திறக்குற அன்னைக்குத்தான் காட்டுறியா?"

"சஸ்பென்சுக்கா."

"சேலைக்கு என்னலே சஸ்பென்சு?"

அவள் போனில் முகவரியைத் தட்டினான். வயரைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்ரீமதி விரலால் திரையைத் தள்ளினாள்.

"படம். லேபிள் இல்லை" என்றது போன்.

இன்னொரு தள்ளு.

"படம். லேபிள் இல்லை."

இன்னும் தள்ளினாள். பட்டன், லேபிள் இல்லை. படம், லேபிள் இல்லை. ஊர்வலம் மாதிரி அதே வரிசை. சேலை இல்லை, விலை இல்லை, கடையின் பேர்கூட இல்லை. சத்தத்தை வைத்துப் பார்த்தால் அங்கே கடையே இல்லை.

"அண்ணாச்சி, எழுத்தெல்லாம் எங்க?"

"எழுத்து அதுலயே இருக்கு மேடம். பளிச்சுனு தெரியும்."

"யாருக்கு?"

பாண்டீஸ்வரன் தொண்டையைச் செருமினார். தமிழை எழுத்தாகப் போட்டால் சில போனில் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறதாம். தெலுங்கு அதைவிட மோசமாம். அதனால் ஃபிளெக்ஸுக்குச் செய்கிற மாதிரி, முழுப் பக்கத்தையும் டிசைன் செய்து, அப்படியே படமாக ஏற்றிவிட்டாராம். காற்று மழைக்கும் அசையாதாம்.

"அப்ப நீங்க கட்டுனது வெப்சைட்டு இல்ல, ஃபிளெக்ஸ் போர்டு. ரோட்டுல நிக்க வேண்டியதைப் போனுக்குள்ள நட்டிருக்கீக."

"இல்ல மேடம், உங்களுக்குன்னே தனியா ஒண்ணு வச்சிருக்கேன். வலது பக்கம் கீழ, நல்ல நீலக் கலர்ல ஒரு பட்டன். அமுக்குனா எழுத்து பெருசாகும்."

"கண்ணு தெரியாதவளுக்கு நீலக் கலரு. அமுக்குனா பெருசாகுற எழுத்து. நல்ல மனசு அண்ணாச்சி உங்களுக்கு. செவிடருக்கு ரேடியோ வாங்கிக் குடுக்குற மனசு."

ஹரி குறுக்கே வந்தான். கடையில் தமிழ், வீட்டில் தெலுங்கு என்பது அந்தக் குடும்பத்தின் ஏற்பாடு. கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். இப்போது கலந்துதான் வந்தது.

"உனக்கு எதுலதான் குறை இல்ல? உலகமே ஆன்லைனுக்குப் போயிருச்சு. நீ இன்னும் ஹலோ ஹலோன்னு உக்காந்திருக்க. உன்னை யாரும் பட்டினி போடப்போறதில்ல. வீட்டுல ராணி மாதிரி இரு. வேளைக்குச் சோறு வரும்."

"சாமியாலே நான்? உக்கார வச்சுப் படைக்கிறதுக்கு?"

"அதைச் சொல்லல."

"அதைத்தான் சொன்ன. இந்தா பாரு, இது தமிழு, இது தெலுங்குன்னு பக்கத்துக்குள்ள பேரு போட்டு, எழுத்தை எழுத்தா வச்சா, என் போனு அதுக்கேத்த குரலை எடுத்து வாசிக்கும். படத்துக்கு ஒரு வரி விளக்கம் எழுதி வச்சா, அதையும் சொல்லும். சேலை ஊதாவா மயில்கழுத்தான்னு எனக்குத் தெரியும். இதே நாற்காலியில உக்காந்து உன் வெப்சைட்டையே நான் நடத்துவேன். அதைச் செய்யாம, வாசல்ல கல்லை அடுக்கி வச்சுட்டு உள்ள வா உள்ள வான்னு கூப்பிடுற."

"எல்லாம் பிறகு பாத்துக்கலாம்க்கா. சாயங்காலம் நெசவாளர் சங்கத்து மாடியில விழா. நீதான் திறந்து வைக்கணும். 'பார்வையற்றோரும் பயன்படுத்தும் இணையதளம்'னு நோட்டீஸே அடிச்சாச்சு."

ஸ்ரீமதி வயரைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டாள். முதலாளி சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிற கிராக்கியைக் கண்டால் எந்த வியாபாரியும் நிமிர்ந்து உட்காருவான். ஹரி நிமிரவில்லை.

"சரி, வாரேன்" என்றாள்.

மத்தியானம், எம்.ரெட்டியபட்டியிலிருந்து தங்கத்தாய் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். சேலைக் கட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தவணைக்கு விற்கிறவள். வெயிலுக்கும் வாய்க்கும் அஞ்சாதவள்.

"என்னமோ இனிமே போனு எடுக்க மாட்டீகளாமே தாயி. வெளிய உன் தம்பி சொல்லுதாரு. அந்தப் பொட்டியில அமுக்கித்தான் சேலை வாங்கணுமாம்."

"நீங்க பாத்தீகளாக்கா?"

"பாத்தேன், மருமக போனுல. தமிழு பொடி எழுத்து. தடவித் தடவி வாசிக்கிறதுக்குள்ள படம் தானா நகந்து போகுது. விரலை வச்சுப் பெருசாக்குனா சுட்ட பணியாரம் மாதிரி ஊதிக்கிருது. எனக்குக் கண்ணு இருந்தே இந்தக் கதி."

ஸ்ரீமதி போனை எடுத்து ஹிந்துப்பூருக்குப் போட்டாள். வெங்கடேசுலு அங்கே பெரிய கடைக்காரர். கொள்முதல் பேசும்போது அவளுடன் அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, முடிந்ததும் சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறவர். தெலுங்குப் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

"திறக்குது, இரு" என்றார் அவர் தெலுங்கில். கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்மா, கடையை பெங்களூருக்கு மாத்திட்டீங்களா?" என்றார்.

"ஏன்?"

"இது தெலுங்கு இல்லம்மா. கன்னடம். எங்க ஊருல இருந்து கொஞ்ச தூரம் போனா எல்லை. அந்தப் பக்கத்து பஸ்ஸுல எல்லாம் இந்த எழுத்துதான். ஒரு பக்கம் பூரா சுத்தமான கன்னடம். உங்க வீட்டுல ஒருத்தர்கூடவா பார்க்கலை?"

பார்த்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள். ஹரி பார்த்தான், நைனா என்று இருவரும் கூப்பிடும் அப்பா பார்த்தார், தறிக்காரர்கள் பார்த்தார்கள். இரண்டும் வட்டம் வட்டமாகச் சுழித்த எழுத்து. பாண்டீஸ்வரன் எந்தப் பட்டனை அமுக்கி மொழிபெயர்த்தாரோ, அழகாக இருக்கிறது என்று ஏற்றிவிட்டார். எழுத்தாக இருந்திருந்தால் ஸ்ரீமதியின் போன் முதல் வார்த்தையிலேயே சொல்லியிருக்கும். படமாக இருந்ததால் கண் உள்ளவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து குருடானார்கள்.

"என்ன தாயி, தனியா சிரிக்க?" என்றாள் தங்கத்தாய்.

"ஆந்திராக்காரரு ஒரு சேதி சொன்னாரு. சாயங்காலம் சங்கத்துக்கு வாங்கக்கா. முன்வரிசையில உக்காருங்க."

"பலகாரம் உண்டா?"

"உண்டு. காரமா ஒண்ணு நான் தாரேன்."

சிரித்தாளே ஒழிய, அவளுக்கு ஆறவில்லை. தம்பி தப்பாகச் செய்ததைவிட, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்ததுதான் உறுத்தியது. இந்தக் கடையின் ஆந்திரா வியாபாரத்தை உருவாக்கியதே அவள் காது.

சங்கத்து மாடியில் மின்விசிறி சுற்றியும் புழுக்கம் குறையவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம், மல்லிகை வாசம், கேசரியின் நெய் வாசம். சங்கத்துப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் சென்னய்யா. மேடையில் பெரிய திரை. ஸ்ரீமதியின் போனைத் திரையோடும் மைக்கோடும் இணைத்திருந்தார் பாண்டீஸ்வரன். அவள் விரல் போகிற இடம் ஊருக்கே தெரியும், போன் பேசுவது ஊருக்கே கேட்கும். அந்த யோசனை ஹரியுடையது. பார்வையற்றவர் பயன்படுத்துவதை நேரில் காட்ட வேண்டுமாம்.

"நம்ம தாய்மொழியில நம்ம ஜவுளி" என்று ஹரி மைக்கில் முழங்கினான். "இதோ, தெலுங்குப் பக்கம்."

கைதட்டினார்கள்.

"எழுத்து முத்து முத்தா இருக்குப்பா" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர்.

"நம்ம பாஷையை இப்படிப் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார் இன்னொருவர். குரல் தழுதழுத்தது.

ஸ்ரீமதி மைக்குக்காகக் கையை நீட்டினாள். ஹரி கொடுத்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். பெரியவுக கண் கலங்குறதைக் கெடுக்கக் கூடாது. இருந்தாலும் சொல்லிருதேன். அது தெலுங்கு இல்ல. கன்னடம்."

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"மத்தியானம் ஹிந்துப்பூருக்காரரு வாசிச்சுச் சொன்னாரு. சந்தேகம் இருந்தா இங்க யாராச்சும் வாசிச்சுக் காட்டுங்க."

வாசிக்க ஒருவருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் கன்னடம் பேசும் நெசவுக்காரர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களும் படித்தது தமிழ்தான். தங்கள் மொழிக்கும் சேர்த்துத்தான் இத்தனை நேரம் கைதட்டினோம் என்று தெரிந்ததும் அங்கிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, முன்வரிசை வரை வந்து, பெரியவர்களின் முகத்தில் முட்டி நின்றது.

"பாண்டீஸ்வரன்" என்றான் ஹரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாத்திரலாம் சார். ஒரு படம்தான்."

"அக்கா, நீ அப்பவே சொல்லியிருக்கலாம்ல? காலையிலயே?"

"காலையில எனக்கே தெரியாதுலே. நீ காட்டுனது காலையிலதான். இப்ப திறந்து வைக்கச் சொன்னியே, வைக்கிறேன்."

ஜெயித்த தெம்பு விரலில் இறங்கியிருந்தது. திரையைத் தள்ளினாள். "படம். லேபிள் இல்லை" என்று ஒலிபெருக்கி முழங்கியது. "பட்டன். லேபிள் இல்லை." ஒவ்வொன்றுக்கும் பின்வரிசை சிரித்தது. இன்னும் இரண்டு தள்ளு தள்ளி, மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த படத்தை மட்டும் பாண்டீஸ்வரன் அழுத்தினால் திறக்கிற லிங்க்காக வைத்திருந்தார். விளக்கம் இல்லாத லிங்க்குக்கு, அந்தப் படத்தைச் சேமித்துவைத்த பேரையே போன் வாசிக்கும்.

வாசித்தது.

"பிளைண்ட் சிஸ்டர் பாவம் ஃபைனல் டூ. லிங்க்."

சிரிப்பு நின்றது.

ஸ்ரீமதி விரலை எடுத்தாள். மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"பிளைண்ட் சிஸ்டர் பாவம் ஃபைனல் டூ. லிங்க்."

"அக்கா, அது ஒண்ணுமில்ல, நிப்பாட்டு" என்று ஹரி வயரைப் பிடுங்க வந்தான். அவள் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"தங்கத்தாயக்கா. அது என்ன படம்?"

"வேணாம் தாயி."

"நீங்கதான் பொய் சொல்லத் தெரியாதவுக. சொல்லுங்க."

தங்கத்தாயின் குரல் இறங்கி வந்தது. "நீதான். மொட்டை மாடியில. தரையில முட்டி போட்டு, ரெண்டு கையாலயும் தடவிக்கிட்டு இருக்க. முடி கலைஞ்சு கெடக்கு. சேலை ஒரு பக்கம் போயிருக்கு. கீழ எழுதியிருக்கு."

"வாசிங்க."

"'இருளில் ஒரு சகோதரி. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு சேலையும்...'" எழுத்துக் கூட்டினாள். "'அவள் வாழ்வில் ஒரு விளக்கு.'"

அந்த நாள் ஸ்ரீமதிக்குத் தெரியும். ஆடிக் காற்றில் கொடித்துணியை எடுக்க மாடிக்குப் போனவள் போனைத் தவறவிட்டாள். அது எங்கோ சறுக்கிக்கொண்டு போனது. வெந்த தரையில் வெகு நேரம் தேடினாள். தன்னைத் தவிர அங்கே யாருமில்லை என்று நினைத்துத்தான் அழுதாள். யாரோ நின்றிருக்கிறார்கள். இந்தா, இங்கே கிடக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, படம் எடுத்திருக்கிறார்கள்.

மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. சென்னய்யா ஜவுளியில ஆந்திரா ஆர்டரு, கிராமத்து ஆர்டரு எல்லாம் எடுக்கிறது நான். என்னைப் பாத்து இரக்கப்பட்டு எவரும் இதுவரைக்கும் ஒரு சேலை வாங்குனதில்ல. விலை படியாம திரும்பிப் போனவுக உண்டு, பாவம் பாத்து வாங்குனவுக இல்ல. நாளைக்கும் என் நம்பருக்குத்தான் ஆர்டரு. இந்த வெப்சைட்டு மூணு பாஷையிலயும் என்கிட்ட வாயைத் திறந்து பேசுற அன்னைக்கு, நானே வந்து திறந்து வைக்கிறேன். அதுவரைக்கும் இது மூடியிருக்கும். ஹரி, சரின்னு சொல்லு."

"அக்கா, வீட்டுல..."

"சங்கத்துல சொல்லு."

சங்கம் ஹரியைப் பார்த்தது. பெரியவர்கள் தங்கள் கன்னடக் கண்ணீரை அவன் கணக்கில் எழுதக் காத்திருந்தார்கள்.

"சரி" என்றான். பாண்டீஸ்வரன் ஏதோ தட்டினார். திரை அணைந்துவிட்டது என்று தங்கத்தாய் சொன்னாள்.

"இப்ப அடுத்தது. அன்னைக்கு மாடியில நின்னு என்னை வேடிக்கை பாத்தியே, உன் நாக்குல என்னலே இருந்துச்சு?"

"நான் எடுக்கல" என்றான் ஹரி. அவமானத்தில் அவன் குரல் கிழிந்திருந்தது. "வாசகம் என்னுது, ஒத்துக்கிறேன். அடி, வாங்கிக்கிறேன். ஆனா போட்டோ நான் எடுக்கல. அந்த வாரம் நான் ஈரோட்டுல நூல் லோடு ஏத்திக்கிட்டு இருந்தேன். அது நைனா போனுல கெடந்துச்சு. நான் எடுத்துக்கிட்டேன்."

காலையிலிருந்து ஒரே ஆள் மீது அடுக்கிவைத்திருந்த கோபம் அப்படியே சரிந்தது. எந்தப் பக்கம் விழுவது என்று அதற்கே தெரியவில்லை.

"நைனா?"

முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"நைனா, நான் தேடுறேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"போனு எங்க கெடக்குன்னும் தெரியுமா?"

"தெரியும். தண்ணித் தொட்டிக்குப் பின்னால." சென்னய்யாவின் குரல் மிகவும் சன்னமாக இருந்தது. "போட்டோ எடுத்ததும் நானே வந்து உன் காலுகிட்ட தள்ளி வச்சேன். நீயே கண்டுபிடிச்சதா நினைச்சுக்கணும்னு."

தானாகக் கிடைத்தது என்று அன்று அவள் பட்ட சந்தோஷமும் போனது.

"ஹரிக்காகவா எடுத்தீக?"

"இல்லம்மா. அவன் இப்படிச் செய்வான்னு தெரியாது. அது ஒருத்தருக்கு அனுப்ப எடுத்தது. நீ எப்படி இருக்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாக."

"யாரு?"

"வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்."

"மைக்கு இங்கதான இருக்கு நைனா. ஊரு முன்னால என்னைத் தரையில தடவ விட்டாச்சு. பேரையும் ஊரு முன்னாலயே சொல்லுங்க."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. சென்னய்யா எழுந்துவிட்டார். நடந்து வந்து மேடையின் ஓரத்தில் நின்றார் என்பது அவள் காதுக்குத் தெரிந்தது.

"பேரு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார். "ஊரு மட்டும் சொல்லுதேன். திருச்சுழி."

ஹரி அக்காவைப் பார்த்தான். திருச்சுழியில் அவர்களுக்கு உறவும் இல்லை, வியாபாரமும் இல்லை. கேசரித் தட்டை நீட்டியபடி வந்த ஆள் அப்படியே நின்றுவிட்டான். ஸ்ரீமதி மைக்கை அப்பாவின் குரல் வந்த திசைக்கு நீட்டி, கையை இறக்காமல் நின்றாள்.

(தொடரும்)